கல்லூரி முதல் பருவ இயற்கணிதம்: வகுப்பு தொடங்கும் முன்பிருந்து தேர்வறை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கணித இளநிலைப் பட்டத்தில் சேரும் மாணவர், முதல் பருவத்திலேயே இயற்கணிதத் தாளை எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் அது திரிகோணமிதியோடு இணைந்த ஒரே தாளாக வருகிறது. சமன்பாட்டியல், தொடர்களின் கூட்டுத்தொகை, அணிகள், திரிகோணமிதி விரிவுகள், அதிபரவளையச் சார்புகள் என ஐந்து அலகுகள் கொண்ட அத்தாளைப் பார்த்தவுடன், இவ்வளவு புதிய பாடத்தை நான்கு மாதங்களில் எப்படி முடிப்பது என்ற மலைப்பு எழுவது இயல்பே. ஆனால் கடலூரில் பல ஆண்டுகளாக மாலை நேரத்தில் கல்லூரி மாணவருக்குக் கணிதம் சொல்லித்தரும் எனக்குத் தெரிந்த வரையில், இத்தாளில் மதிப்பெண் இழப்பவர்களில் மிகப் பலர் புதிய பாடத்தில் இழப்பதில்லை. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அரைகுறையாக விட்டுவந்த பின்னம், குறி, அடுக்கு, முற்றொருமை ஆகியவற்றிலேயே இழக்கிறார்கள். ஆகவே இவ்வழிகாட்டியில் பழைய பாக்கியைத் தீர்ப்பதற்குப் பெரும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு குறியீட்டு விளக்கம். சமன்பாட்டில் தெரியாத மதிப்பை இங்கே ‘ய’ என்று எழுதுகிறேன். உங்கள் பாடநூலில் ஆங்கில எழுத்து இருக்கும். பாஸ்கரர் முதலிய பழைய இந்தியக் கணித நூலோரும் தெரியாத எண்ணை ‘யா’ என்னும் எழுத்தால் குறித்தார்கள் என்பதால், இவ்வெழுத்து முற்றிலும் அந்நியமானதன்று.

முதல் படி: எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், அல்லது இப்போதே தொடங்கிவிட்டதென்றால் இன்றைக்கே, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கணிப்பானையும் கைப்பேசியையும் தள்ளி வைத்துவிட்டு, கீழே உள்ள எட்டுக் கணக்குகளை இருபது நிமிடத்தில் போட்டுப் பாருங்கள்.

1. 3/4 − 5/6 எவ்வளவு?
2. (−2)³ − (−3)² எவ்வளவு?
3. (2ய − 3)² என்பதை விரித்து எழுதுக.
4. 6ய² − 7ய − 3 என்பதைக் காரணிப்படுத்துக.
5. 8 என்னும் எண்ணின் அடுக்கு −2/3 ஆனால் அதன் மதிப்பு என்ன?
6. 1/ய + 1/(ய + 1) என்பதை ஒரே பின்னமாக்குக.
7. √50 − √18 என்பதைச் சுருக்குக.
8. ய² = 5ய என்னும் சமன்பாட்டின் எல்லாத் தீர்வுகளையும் காண்க.

விடைகள் வரிசையாக: −1/12, −17, 4ய² − 12ய + 9, (3ய + 1)(2ய − 3), 1/4, (2ய + 1)/(ய(ய + 1)), 2√2, 0 மற்றும் 5.

ஏழோ எட்டோ சரியென்றால் நேரே மூன்றாம் படிக்குச் செல்லலாம். ஐந்து அல்லது ஆறு என்றால் ஒரு வாரப் பயிற்சி போதும். அதற்கும் குறைவென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே இதில் நான்கைத் தாண்டாமல் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பொதுத்தேர்வில் பாடநூலின் கணக்கு அப்படியே வரும்போது, படிகளை நினைவிலிருந்து எழுதிவிட முடிகிறது. கல்லூரித் தாளில் எண்கள் மாறியவுடன் அந்த நினைவு உதவாமல் போகிறது. எட்டாவது கணக்கில் 5 என்று மட்டும் எழுதியவர்கள், இருபுறமும் ‘ய’வால் வகுத்து, 0 என்ற தீர்வைத் தொலைத்தவர்கள். மதிப்பு தெரியாத ஒன்றால் வகுக்கும்போது அது சுழியமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழவேண்டும். அந்த ஐயம் பழக்கத்தால் மட்டுமே வரும்.

இரண்டாம் படி: பழைய பாக்கியைத் தீர்த்தல்

இதற்குப் புதிய புத்தகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளின் இயற்கணித இயலையும், பதினோராம் வகுப்பின் அடிப்படை இயற்கணிதம், ஈருறுப்புத் தேற்றம் ஆகிய இயல்களையும், பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தொகுதியில் உள்ள அணிகள், கலப்பெண்கள், சமன்பாட்டியல் ஆகிய மூன்று இயல்களையும் எடுத்து வைத்துக்கொண்டால், முதல் பருவத் தாளின் பெரும்பகுதிக்கு அடித்தளம் அவற்றிலேயே இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், அங்கிருந்து வரும் மாணவருக்குச் சமன்பாட்டியல் இயலில் உள்ள சில செய்திகள் புதிதாக இருக்கலாம். அவர்கள் அந்த ஓர் இயலையாவது தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்து படித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால் பருவம் முடிந்துவிடும். மேலே தவறிய கணக்கு எந்த வகையோ அந்த வகையில் மட்டும், நாளொன்றுக்குப் பத்துக் கணக்கு வீதம், தொடர்ந்து பிழையில்லாமல் பத்தும் வரும் வரை போடுங்கள். பின்னத்தில் தவறியவர் பின்னம் மட்டும். அடுக்கில் தவறியவர் அடுக்கு மட்டும். எளிய கணக்கு என்று மனத்துக்குள்ளேயே போட்டுவிடாமல், ஒவ்வொரு வரியையும் எழுதிப் போடுவது முக்கியம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தலைகீழ்ச் சமன்பாடு என்பது முதல் அலகின் மிகப் பழக்கமான பத்து மதிப்பெண் கணக்கு. எடுத்துக்காட்டாக,

8ய⁴ − 54ய³ + 101ய² − 54ய + 8 = 0

என்பதைப் பாருங்கள். கெழுக்கள் இருமுனையிலிருந்தும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆகவே ஒரு மூலம் இருந்தால் அதன் தலைகீழியும் மூலமாகும். முழுவதையும் ய²ஆல் வகுத்து (இங்கே 0 மூலமன்று என்பது மாறிலி உறுப்பு 8 என்பதாலேயே உறுதி), உறுப்புகளைச் சேர்த்தெழுதினால், 8(ய² + 1/ய²) − 54(ய + 1/ய) + 101 = 0 என்றாகும். ய + 1/ய என்பதை ‘ம’ என்று கொண்டால், ய² + 1/ய² என்பது ம² − 2. எனவே 8ம² − 54ம + 85 = 0. இதன் தன்மைகாட்டி 2916 − 2720 = 196; அதன் வர்க்கமூலம் 14. ஆகவே ம = 17/4 அல்லது 5/2; அவற்றிலிருந்து 4, 1/4, 2, 1/2 ஆகிய நான்கு மூலங்களும் கிடைக்கின்றன.

இக்கணக்கில் தவறுகிற மாணவர் எங்கே தவறுகிறார் தெரியுமா? வகுப்பதிலோ பிரதியிடுவதிலோ தவறுவதில்லை. அவை புதிதாகக் கற்றவை என்பதால் கவனமாகச் செய்துவிடுகிறார். ம² − 2 என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் ம² என்று எழுதிவிடுகிறார். கூட்டலின் வர்க்கத்தை விரிக்கும்போது நடுவில் ஓர் உறுப்பு வரும் என்ற பள்ளிப் பாடம் கைநழுவிப் போகிறது. விளைவாக 8ம² − 54ம + 101 = 0 என்ற சமன்பாடு வந்து, தன்மைகாட்டி −316 ஆகி, மூலங்கள் கலப்பெண்களாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அரைமணி நேரம் போராடுகிறார். அடுத்த கணக்குக்கு வைத்திருந்த நேரமும் போய்விடுகிறது. வினாத்தாள் கடினமாக இருந்தது என்று வெளியே வந்து சொல்பவரின் விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இப்படியொரு வரி அதில் ஒளிந்திருக்கும்.

மூன்றாம் படி: மொழியைக் கைக்கொள்ளுதல்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் அமரும் மாணவர் நம் பகுதியில் மிகுதி. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து வருவோர் முதல் மாதம் முழுவதும் ஆசிரியர் சொல்லும் கணக்கே புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் புரியாமல் போவது இருபது முப்பது சொற்கள் மட்டுமே. கோஎஃபிஷியன்ட் என்றால் கெழு, ரூட் என்றால் மூலம், டினாமினேட்டர் என்றால் பகுதி, ரெசிப்ரோக்கல் என்றால் தலைகீழி, டிகிரி என்றால் படி, டிமினிஷ் என்றால் குறைத்தல் என்று, பழகிய பொருளுக்குப் புதிய பெயர்தான் வந்திருக்கிறது.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே திறந்து வையுங்கள். இரண்டும் ஒரே வரிசையில், ஒரே எடுத்துக்காட்டுகளோடு இருப்பதால், ஒரு பத்தியைத் தமிழில் படித்து அதே பத்தியை ஆங்கிலத்தில் படித்தால், எந்த அகராதியும் தராத தெளிவு வந்துவிடும். இரண்டு வாரத்தில் வேண்டிய சொற்கள் அனைத்தும் பிடிபடும்.

வினாவில் வரும் ஏவல் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். ஃபைண்ட் என்றால் விடை வேண்டும். ப்ரூவ் என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு நிறுவ வேண்டும். வெரிஃபை என்றால் கொடுத்த எடுத்துக்காட்டில் உண்மையாகிறது என்று காட்டினால் போதும். கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தை ஓர் அணிக்குச் சரிபார்க்கச் சொன்னால், தேற்றத்தின் நிறுவலை மனப்பாடமாக ஒப்பித்து எழுதிவைக்கும் மாணவர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கேட்டது அந்த அணியைச் சிறப்பியல்புச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சுழிய அணி வருகிறதா என்று காட்டுவது மட்டுமே.

நான்காம் படி: மழைக்கு முன் முந்திக்கொள்ளுதல்

இது கடற்கரை ஊர்க்காரர்களுக்கே உரிய அறிவுரை. ஒற்றைப்படைப் பருவத்தின் பிற்பகுதியும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் விடுமுறை அறிவிப்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஏற்பட்ட வெள்ளத்தை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். இழந்த வகுப்புகளை ஈடுசெய்ய ஆசிரியர் கடைசி இரண்டு அலகுகளை வேகமாக ஓட்ட நேரிடும். அவரைக் குறைசொல்வதிலும் பொருளில்லை.

எனவே உங்கள் அட்டவணையை இப்படி அமையுங்கள். ஆவணி முடிவதற்குள் முதல் அலகும் அணிகள் அலகும் உங்கள் கையில் இருக்க வேண்டும், வகுப்பில் நடத்தியிருந்தாலும் நடத்தாவிட்டாலும். இவ்விரண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் நீட்சி என்பதால் நீங்களாகவே படித்து முன்னே போக முடியும். திரிகோணமிதி அலகுகளுக்கு ஆசிரியரின் துணை கூடுதலாகத் தேவைப்படும். அவற்றை அவர் நடத்தும்போது மற்றச் சுமை உங்கள் தலையில் இருக்கக் கூடாது. மழை விடுமுறை வந்தால் அந்நாட்களைத் தொடர்கள் அலகுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சாரமும் இணையமும் இல்லாமல் தாளும் பேனாவும் மட்டுமே கொண்டு செய்யக்கூடிய பயிற்சி அது.

ஐந்தாம் படி: நாள்தோறும் ஐம்பது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் ஐம்பது நிமிடம் உட்காருவது இயற்கணிதத்துக்குப் பலமடங்கு பயன்தரும். அந்த ஐம்பது நிமிடத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம், அன்று வகுப்பில் நடந்ததைக் குறிப்பேட்டைத் திறக்காமலே எழுதிப் பாருங்கள். சூத்திரம் ஒன்று, அது எப்போது பொருந்தும் என்ற நிபந்தனை ஒன்று, ஓர் எடுத்துக்காட்டு. எழுத வராத இடம்தான் புரியாத இடம். அடுத்த முப்பது நிமிடம் கணக்குப் போடுவதற்கு. இங்கேதான் பலரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள். தீர்வைப் பார்த்துக்கொண்டே வரி வரியாக “ஆமாம், சரிதான்” என்று தலையாட்டிப் போவது படிப்பதுபோல் தோன்றும். ஆனால் சமையற்கட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவருக்குக் குழம்பு வைக்க வந்துவிடாது. தீர்வை ஒருமுறை படியுங்கள், மூடி வையுங்கள், வெற்றுத்தாளில் முதல் வரியிலிருந்து போடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் ஐந்து நிமிடமாவது போராடுங்கள். அப்புறம் திறந்து ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மறுநாள் அதே கணக்கை எண்களை மாற்றி ஒருமுறை போடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் பிழைக் குறிப்பேட்டுக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செய்த பிழை, சரியான வரி, ஏன் தவறினேன் என்று ஒரு சொற்றொடர். “கவனக்குறைவு” என்று மட்டும் எழுதாதீர்கள், அது காரணமாகாது. “கழித்தலுக்குப் பின் வந்த அடைப்பை விரிக்கும்போது இரண்டாம் உறுப்பின் குறியை மாற்றவில்லை” என்று எழுதினால்தான் அடுத்த முறை கை அங்கே நிற்கும். என் முதல் பருவ உள்தேர்வில் பன்னிரண்டு மதிப்பெண் போனது. அத்தனையும் அந்த ஒரே வகைப் பிழையால் போனது என்பதை, இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் போய்வருபவர்கள், கன்னியக்கோவிலைத் தாண்டும் வரை பிழைக் குறிப்பேட்டைப் புரட்டலாம். நின்றுகொண்டு போகும்போது கணக்குப் போட முடியாது, ஆனால் பிழைகளைப் படிக்க முடியும். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்குப் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகமும், கடலூரில் மாவட்ட மைய நூலகமும் இருக்கின்றன.

ஆறாம் படி: ஒவ்வோர் அலகிலும் எதைப் பிடிக்க வேண்டும்

சமன்பாட்டியலில் பாதிக் கணக்குகள் தொகுமுறை வகுத்தலால் நடப்பவை. மூலங்களை ஓர் எண்ணால் குறைப்பதும், ஓர் உறுப்பை நீக்குவதும், ஹார்னர் முறையில் தசம இடங்களுக்குத் தோராய மூலம் காண்பதும் எல்லாம் இந்த ஒரே கருவியின் மறுபயன்பாடு. ஆகவே அதில் கை வேகம் வர வேண்டும். ஒரு சிறு சமன்பாட்டை வைத்து, செய்வது சரியா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள்: ய² − 5ய + 6 = 0 என்பதன் மூலங்கள் 2, 3. அவற்றை 1ஆல் குறைத்தால் 1, 2 வர வேண்டும். கெழுக்கள் 1, −5, 6 என்பதை இருமுறை 1ஆல் வகுக்க, 1, −3, 2 என்று வருகிறது, அதன் மூலங்கள் 1, 2 தாம். குறைப்பதற்குக் கூட்டும் எண்ணா கழிக்கும் எண்ணா என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்தச் சிறு சோதனை அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடும்.

தொகுமுறை வகுத்தலில் மிக ஆபத்தான பிழை, இல்லாத உறுப்புக்கு 0 எழுத மறப்பது. ய³ − 7ய + 6 = 0 என்பதன் கெழுக்கள் 1, 0, −7, 6. இதை 1ஆல் வகுத்தால் 1, 1, −6 என்றும் மீதி 0 என்றும் வந்து, ய² + ய − 6 கிடைத்து, மூலங்கள் 1, 2, −3 ஆகின்றன. சுழியத்தை விட்டுவிட்டு 1, −7, 6 என்று எழுதியவருக்கும், 1, −6 என்று வந்து மீதி 0 தான்! 1ஆல் வகுக்கும்போது மீதி என்பது கெழுக்களின் கூட்டுத்தொகையே என்பதால், விடுபட்ட சுழியம் மீதியில் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவர் நிம்மதியாக ய = 6 என்று எழுதிவிட்டுப் போகிறார்; 6ஐப் பிரதியிட்டால் 180 வருகிறது. மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு நான்கு கெழுக்கள், நான்காம் படிக்கு ஐந்து என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

வெற்றிடத்தைக் காக்கும் இந்தச் சுழியத்துக்கும் கடலூருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. எண்களை இடமதிப்பு முறையில், சுழியத்தைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான லோகவிபாகம் என்னும் சமண நூல், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடிக்கப்பட்டதாக அதன் இறுதிப் பகுதி கூறுகிறது. இன்று கிடைப்பது அதன் சமஸ்கிருத வடிவம். அந்தப் பாடலிகை, இன்று கடலூரின் ஒரு பகுதியாக உள்ள நம் திருப்பாதிரிப்புலியூரே என்று வரலாற்றாய்வாளர் பலர் கொள்கிறார்கள். அவ்வூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போகிறவர் 0 எழுத மறந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான்.

தொடர்களின் கூட்டுத்தொகையில் அடையாளம் காண்பதே முழு வேலை. பகுதியில் தொடர் பெருக்கம் (1·2·3… என்னும் ஃபேக்டோரியல்) இருந்து, தொகுதியிலும் கூட்டுத்தொடர்முறையில் பெருகும் எண்கள் இருந்தால் ஈருறுப்புத் தொடர். தொகுதியில் அப்படிப் பெருகாமல் பகுதியில் தொடர் பெருக்கம் மட்டும் இருந்தால் அடுக்குக்குறித் தொடர். தொடர் பெருக்கமே இல்லாமல் 1, 2, 3 என்று பகுதி வளர்ந்தால் மடக்கைத் தொடராக இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, 1 + 2/6 + (2·5)/(6·12) + (2·5·8)/(6·12·18) + … என்ற தொடரில் தொகுதி எண்கள் 2, 5, 8 என்று மும்மூன்றாக வளர்கின்றன. பகுதியில் 6, 12, 18 என்பது 6ஐப் பொதுவாக எடுத்தால் 1, 2, 3 ஆகிறது. தொகுதியின் முதல் எண் 2, வளர்ச்சி 3; எனவே அடுக்கு −2/3. பொதுவாக எடுத்த 6இன் தலைகீழியான 1/6 என்பதை அந்த 3ஆல் பெருக்கினால் 1/2. கூட்டுத்தொகை (1 − 1/2) என்பதன் அடுக்கு −2/3, அதாவது 4இன் கனமூலம், ஏறத்தாழ 1.587. விடை எழுதியபின் முதல் ஐந்து உறுப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 1 + 0.333 + 0.139 + 0.062 + 0.028 = 1.562. விடையை நெருங்கிக்கொண்டிருக்கிறது, நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

அணிகள் அலகுதான் ஐந்திலும் மதிப்பெண் எளிதாகக் கிடைக்குமிடம். செய்முறை மாறாதது, பிழை வந்தாலும் கண்டுபிடிக்க வழியிருக்கிறது. ஐகன் மதிப்புகளின், அதாவது சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்களின், கூட்டுத்தொகை முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். அவற்றின் பெருக்கற்பலன் அணிக்கோவையின் மதிப்புக்குச் சமம். முதல் நிரை 4, 1; இரண்டாம் நிரை 2, 3 என்ற அணிக்கு மூலைவிட்டக் கூட்டுத்தொகை 7, அணிக்கோவை 10; ஐகன் மதிப்புகள் 5, 2. இந்த இரு சோதனைகளையும் செய்யாமல் ஐகன் வெக்டர் காணத் தொடங்கவே கூடாது. மதிப்பு தவறென்றால் அதற்குப் பின் எழுதுவதெல்லாம் வீண்.

திரிகோணமிதி விரிவுகளுக்கு டி மாய்வர் தேற்றமும் ஈருறுப்புத் தேற்றமும் கைவசம் இருந்தால் போதும்; மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் பிரித்தெழுதும் பழக்கம்தான் அங்கே வேண்டியது. அதிபரவளையச் சார்புகளில் சூத்திரங்கள் திரிகோணமிதியை ஒத்திருந்தாலும் குறிகள் மாறும் இடங்கள் உண்டு. அவ்விடங்களைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: துணை தேடுதல்

புரியாததைப் புரியாத நாளிலேயே கேட்டுவிடுங்கள். “சார், இந்தக் கணக்கு வரவில்லை” என்று போய் நிற்பதைவிட, நீங்கள் போட்ட தாளை எடுத்துக்கொண்டுபோய், “மேடம், இந்த மூன்றாம் வரி வரை வந்துவிட்டேன், இதற்கு மேல் எப்படிப் போவது?” என்று கேட்டால், எந்த ஆசிரியரும் மனமுவந்து உட்கார்ந்து சொல்லித்தருவார். இரண்டாம் ஆண்டு அண்ணன்மார், அக்காமாரிடம் முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நண்பர்கள் மூவரோ நால்வரோ வாரம் ஒருமுறை கூடிப் படிப்பதும் நல்லதே, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொருவரும் ஒரு கணக்கைப் பலகையில் நின்று மற்றவருக்கு விளக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்பதில் முடிந்துவிடும்.

கைப்பேசிச் செயலிகள் கணக்கைப் படம் பிடித்தவுடன் தீர்வைக் கொட்டிவிடுகின்றன. விடையைச் சரிபார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். ஒப்படைப்புகளை அவற்றைப் பார்த்து நகலெடுத்தால் அகமதிப்பீட்டில் நான்கைந்து மதிப்பெண் கிடைக்கலாம். பருவத்தேர்வில் அதற்குப் பலமடங்கு போய்விடும்.

எட்டாம் படி: தேர்வுக்கு முன்னும் தேர்வறையிலும்

அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்பது பல கல்லூரிகளில் உள்ள முறை. அகமதிப்பீட்டின் உள்தேர்வை ஒத்திகையாகக் கருதி, விடைத்தாள் திரும்பி வந்தவுடன் மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், கழிக்கப்பட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பிழைக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். பருவத்தேர்வுக்கு மூன்று வாரம் முன்னதாக, மூன்று பழைய வினாத்தாள்களை, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். முதல் முறை நேரம் போதாமல் போகும்; மூன்றாம் முறை போதும்.

நேரக் கணக்கு இதுதான். 180 நிமிடத்தில் 15ஐச் சரிபார்ப்புக்கு ஒதுக்கினால், மீதி 165 நிமிடத்துக்கு 75 மதிப்பெண், அதாவது மதிப்பெண் ஒன்றுக்கு 2.2 நிமிடம். பத்து மதிப்பெண் கணக்குக்கு 22 நிமிடம், ஐந்துக்கு 11 நிமிடம். 22 நிமிடம் கடந்தும் ஒரு கணக்கு முடியவில்லையென்றால், இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு கணக்குகளை இழந்தவர்கள் ஏராளம். அல்லது–தெரிவு வினாக்களில் எழுதத் தொடங்குமுன் இரண்டையும் முழுவதும் படியுங்கள். பழகிய தோற்றமுள்ள கணக்கைவிட, விடையைச் சரிபார்க்கக்கூடிய கணக்கைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. வரிகளைத் தாவாதீர்கள். இறுதி விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் எழுதாத படிக்கு யாரும் மதிப்பெண் தர முடியாது.

கடைசி 15 நிமிடத்தில் விடைத்தாளை முதலிலிருந்து வாசிப்பதில் பயனில்லை. தவறிய கண்ணே மறுபடியும் அதே இடத்தில் தவறும். கிடைத்த மூலங்களைச் சமன்பாட்டில் பிரதியிடுங்கள், ஐகன் மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள், வர்க்கப்படுத்திய கணக்கு இருந்தால் போலித் தீர்வு புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். √(ய + 6) = ய என்பதை வர்க்கப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு வரும்; −2ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. விடை 3 மட்டுமே.

அரியர் விழுந்துவிட்டால்

அப்படி நேர்ந்தால் இரண்டு வேலைகளை உடனே செய்யுங்கள். முடிவு வந்தவுடன் மறுமதிப்பீட்டுக்கோ விடைத்தாள் நகலுக்கோ விண்ணப்பிக்கும் கடைசி நாளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அவகாசம் சில நாட்கள்தான் இருக்கும். நகல் கிடைத்தால், அதுவே நீங்கள் படிக்க வேண்டிய பாடத்திட்டம்: எந்த அலகில், எந்த வரியில் தவறினீர்கள் என்பது அதில் இருக்கிறது. அடுத்த பருவத்தின் தாள்களோடு சேர்த்தே அரியரையும் எழுத வேண்டியிருப்பதால், அதைச் சித்திரை வரை ஒத்திப்போடாமல், தை மாதத்திலிருந்தே ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, அணிகள் அலகிலிருந்து தொடங்குங்கள். அடுத்து சமன்பாட்டியல், பிறகு தொடர்கள். இம்மூன்றிலும் பிடி கிடைத்த பிறகு திரிகோணமிதியைத் தொடலாம்.